செந்நாய் மாஸ்டரின் குகை

ஷிப்மென்ட் தேதி பார்த்துப் பிள்ளைப்பேற்றுக்கு நாள் குறித்த ஒரே மனிதர் எங்கள் கட்டிங் மாஸ்டர்தான். முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் அவருக்குச் செந்நாய் மாஸ்டர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் பிறந்தவர். செந்நாய்க் கூட்டத்தை நேரில் பார்த்திருப்பதாகச் சொல்வார். மீதியைச் செல்போனில் பார்த்தார். துணியை விரித்து வெட்டும்போதும் அதே பேச்சுதான்.

"ஒரு கூட்டத்துல ஒரு பொட்டைதானுங்க குட்டி போடும். மத்ததுக எல்லாம் அடங்கி இருந்து, அந்தக் குட்டிகளை வளத்தும். அதுதானுங்க டிசிப்ளின்."

இதை எங்கள் தையல் லைனுக்கும் சட்டமாக்கினார்: ஒரு சமயத்தில் ஒருத்திக்குத்தான் பிள்ளை. யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால், "ரொம்ப சந்தோசமுங்க. ஆனா கிறிஸ்துமஸ் ஆர்டர் முடியட்டுங்க" என்பார். மாப்பிள்ளைகள் முறைப்பார்கள். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதருக்கு அந்த முறைப்பு விளங்கவில்லை.

சட்டத்தை நாங்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஓவர்லாக் தையல் அடிக்கும் சாத்தூர்க்காரி மாரி பிரசவம் முடிந்து திரும்பியபோது பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. கம்பெனிக்குள் குழந்தையைக் கொண்டுவந்து, சரக்கு வாங்கும் பையர் பார்த்துவிட்டால் ஆர்டரே போய்விடும். கம்பெனிச் சுவரை ஒட்டித்தான் மாஸ்டரின் ஒற்றை அறை வீடு. சாவியை மாரி கையில் கொடுத்துவிட்டார்.

"இதுதானுங்க குகை. குகைக்கு எப்பவும் ஒரு காவல் வேணுமுங்க."

லைனில் இருந்த பெண்கள் முறை வைத்துக் காவலுக்குப் போனோம். போனவளின் துணிப் பண்டலை மற்றவர்கள் தைத்து முடித்தோம். தொட்டில் கட்டியது மாஸ்டர். சேலையை விட்டுவிட்டு, இழுத்தால் நீளும் லைக்ரா துணியில் கட்டினார். குழந்தையைப் போட்டதும் தொட்டில் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. குழந்தை உதைத்ததும் மேலே போனது. மாரி அலறினாள். குழந்தை சிரித்தது. அதன்பிறகு அது வேறெந்தத் தொட்டிலிலும் தூங்க மறுத்துவிட்டது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வேட்டைக்குப் போன செந்நாய்கள் கறியை வயிற்றில் சுமந்து வந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும் விதத்தை மாஸ்டர் விளக்கினார். பேட்லாக் தைக்கும் ஜோதி, தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். மாஸ்டர் ஆடிப்போய்விட்டார். "மன்னிச்சுக்கோ கண்ணு, இனி சோத்து நேரத்துல அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்." எடுக்கவும் இல்லை. ஆனால் ஜோதி மறுநாளும் ஓடினாள்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மாஸ்டருகிட்டச் சொல்லிப்போடாதீங்கக்கா. மாரியக்கா புள்ள இன்னும் தவழவே இல்ல. குகைல எனக்கு இடமில்லைன்னுட்டா என்ன பண்ணுவேன்? எங்க மாமியா இப்பவே வேலைய உடச் சொல்றாங்க."

செக்கிங் பார்ப்பவள் நான். துணியில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிப்பேன்; வாய் திறந்து பேசத் தெரியாது எனக்கு. ஆனாலும் பெயரைச் சொல்லாமல் கேட்டுப் பார்க்கலாமென்று கட்டிங் டேபிள் அருகே போய் நின்றேன்.

"மாஸ்டர்... குகையில... இன்னொரு குட்டி வந்தா..."

அதற்கு மேல் வரவில்லை. மாஸ்டர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. என் நரைத்த தலையைப் பார்த்தார்.

"உங்களுக்குங்களா?"

"ஐயோ, ஜோதிக்குங்க!"

என் வாழ்க்கையில் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். மெஷின்கள் எல்லாம் நின்றன. ஜோதி பண்டலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாஸ்டர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டீ வரும்வரை ஆளைக் காணோம். பிறகு வந்து தொண்டையைச் செருமினார்.

"சில கூட்டத்துல ரெண்டு பொட்டை ஒரே குகைல குட்டி போடுமுங்க."

மாரி விடவில்லை. "என்ன அண்ணாச்சி, நேத்து வரைக்கும் ஒண்ணுதான்னு சொன்னீக?"

"செந்நாய் மாத்திக்கிச்சுங்க. அதுக்கு நான் என்ன பண்றது?"

அன்று சாயங்காலமே, இரண்டாவது தொட்டிலுக்கு இடம் வேண்டுமென்று தன் கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டுவிட்டார். ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினை ஓட்டினாள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் லைனே உட்கார்ந்திருந்தது. நர்ஸ் குழந்தையோடு வெளியே வந்து, "யாருங்க இதுக்குச் சொந்தம்?" என்றார். ஜோதியின் வீட்டுக்காரர் எழுவதற்கு முன்பே மாஸ்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.