மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறிய எலும்பு

நோன்பு காலத்தில் எங்கள் பக்கத்துச் சமையலுக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. உப்புப் பார்க்க வீட்டில் ஒரு வாயும் திறந்திருக்காது. சில வீடுகளில் நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடுவார்கள். எங்கள் உம்மா அதற்கும் விடமாட்டார். அல்லாஹ்வை நம்பி அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். எனக்கு நேர்ந்த மானக்கேட்டில் ஒரு பங்கை இந்தப் பேணுதலின் தலையில் போடலாம். மற்றதெல்லாம் என் சொந்தச் சம்பாத்தியம்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் இரசாயனவியலில் பட்டம் முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சி மாணவியாக ஒட்டிக்கொண்டிருந்தேன். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து போன பெண் எலும்பு செய்யப் படிக்கிறாள் என்று ஊரில் பேச்சு. (நான் உண்மையில் செய்துகொண்டிருந்தது சுண்ணாம்புச் சேறு.)

எலும்பு வெறும் சுண்ணாம்புக் கட்டி அல்ல. உடம்பிலுள்ள நார் போன்ற மூலக்கூறுகள், கனிமத்தைப் பிடித்து ஒழுங்காக அடுக்கி வைப்பதால்தான் அது எலும்பாகிறது. அந்த வேலையை மிருகத்தின் நாருக்குப் பதிலாகத் தாவரத்தின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கொண்டு செய்விக்க முடியுமா என்பதே என் ஆய்வு. (பல்பகுதியம் என்று பாடப்புத்தகம் சொல்லும். வாப்பாவுக்கு விளங்கப்படுத்திப் பார்த்துக் கைவிட்டேன்.) நான் தேர்ந்தெடுத்தது கடற்பாசி. கற்பிட்டிக் களப்பின் உப்புநீரில் அள்ளுவது. நோன்பு வந்தால் எங்கள் வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, உறையவைத்து, துண்டு போட்டுச் சாப்பிடுவது. பாசி தாவரமா இல்லையா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்வார்கள். எங்கள் ஊருக்கு அந்தக் கவலை இல்லை.

பாசியைக் காய்ச்சி, பொஸ்பேட் கலந்து ஒரு படை ஊற்றுவேன். அது உறைந்ததும் அதன்மேல் கல்சியம் கலந்த இன்னொரு படை. இரண்டு உப்பும் ஊறிவந்து சந்திக்கும் இடத்தில், பாசி சொன்னபடி கனிமம் வரிவரியாகப் படிய வேண்டும். என் பாசி எதுவும் சொல்லவில்லை. எத்தனை தரம் செய்தாலும் அடியில் வெள்ளைச் சேறுதான். பொறுமையிழந்த என் பேராசிரியர் நோன்பு விடுமுறைக்கு முன் கூப்பிட்டார்.

"லீவு முடிஞ்சு வரேக்க ஒரு துண்டாவது கொண்டு வாரும் பிள்ளை. இல்லாட்டி இந்தத் தலைப்பை வேற ஆளுக்குக் குடுக்கவேண்டி வரும்."

ஆகவே என் எதிர்காலத்தைச் சின்னப் போத்தல்களில் அடைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். உம்மாவிடம் சோடியாக இரண்டு கண்ணாடித் தட்டுகள் இருந்தன. ஒன்றில் என் பாசியை ஊற்றிப் பிரிட்ஜில் வைத்தேன். முதல் சில நாட்கள் போய்ப் போய்ப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அதோடு கோபித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கலியாணம் பேசி முற்றாகி, நாள் குறிப்பது மட்டும் மிச்சமிருந்தது. மாப்பிள்ளை இர்பானுக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டார் நோன்பு திறக்க வந்தார்கள். ஆண்கள் முன் ஹோலில், பெண்கள் உள்ளே. ராத்தா மற்றக் கண்ணாடித் தட்டில் கடற்பாசி செய்து வைத்திருந்தாள். பாங்குக்குச் சற்று முன் உம்மா அடுப்பில் நின்றபடி குசினியிலிருந்து குரல் கொடுத்தார்.

"புள்ள, அந்தக் கடப்பாசிய வெட்டி வை."

பிரிட்ஜைத் திறந்தேன். முன்னால் இருந்த தட்டைப் பார்த்து அசந்துபோனேன். தெளிந்த பாசிக்குள் பால்வெள்ளை வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, அளந்து வைத்த மாதிரி. ராத்தாவுக்கு இவ்வளவு கைப்பக்குவமா என்று பொறாமைகூட வந்தது. அது என்னுடையதாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. அழகாக ஒன்று நடந்தால் அதற்கு நான் காரணமாக இருக்க முடியாது என்பதில் அப்போது எனக்கு அவ்வளவு உறுதி. சாய்சதுரமாக வெட்டினேன். கையோடு கஜுப் பருப்பும் சீவித் தூவினேன்.

பாங்கு ஒலித்தது. பேரீத்தம்பழம் போனது, கஞ்சி போனது, இரண்டு பக்கமும் கடற்பாசி வந்தது. இர்பானின் உம்மா ஒரு துண்டை வாயில் வைத்தார். தாடை அப்படியே நின்றது. பிறகு ராத்தாவைப் பார்த்துச் சிரித்தபடி விழுங்கினார்.

"நல்லா இரிக்கி மகள்" என்றார். சொன்ன சொல்லை மெய்ப்பிக்க இன்னொரு துண்டும் எடுத்தார். வருங்கால மருமகளின் முகம் வாடக்கூடாதென்று ஒரு மனுசி இவ்வளவு தூரம் போவார் என்று நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

தட்டைக் கண்டதும் ராத்தாவின் முகம் மாறியது. எழுந்து போனவள், ரோஸ் நிறக் கடற்பாசியோடு மற்றத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்றாள்.

"நான் செஞ்சது இந்தா இரிக்கி. அப்ப அது என்ன?"

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோசம். படிந்துவிட்டது! என் பாசி வாய் திறந்து பேசிவிட்டது! அதன் பிறகுதான், பேசியதை இவர்கள் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது உறைத்தது. முக்காடு நழுவ, அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத ஆண்கள் சபைக்குள் ஓடினேன்.

"சாப்பிடாதீங்க, அது என்ட எலும்பு."

இர்பானின் வாப்பா கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன எலும்பு மகள்?"

நஞ்சா என்று அவர் கேட்கவில்லை. ஹலாலா என்று கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. "ஒரு மிருகமும் இல்ல மாமா. பாசியும் கல்சியமும் பொஸ்பேட்டும்தான். எலும்பு மாதிரி, ஆனா எலும்பு இல்ல" என்று அந்த நோன்புக்கஞ்சிக் கோப்பைகளுக்கு நடுவில் நின்று என் ஆய்வின் சாரத்தை ஒப்புவித்தேன். (அதைவிடத் தெளிவாகப் பிறகு எந்த மேடையிலும் நான் பேசியதில்லை.) அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எங்கள் வாப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். யார், எவ்வளவு என்று கவனமாகக் கேட்டுவிட்டு, "ஒண்டும் ஆகாது, தண்ணி குடிக்கச் சொல்லும்" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "வரி வரியா வந்ததோ? மிச்சம் இருக்கோ?"

மிச்சம் இல்லை. மரியாதை தெரிந்த மனிதர்கள் தட்டைத் துடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் விடைபெற்றுப் போனதும் நான் ஓர் அறையில் அழுதேன், ராத்தா அடுத்த அறையில் அழுதாள். இந்தச் சம்பந்தம் இனி நிலைக்காது என்று உம்மாவே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை இர்பான் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். வாப்பாவுக்குச் சலாம் சொல்லிவிட்டு, ஐஸ் போட்ட சின்ன டப்பா ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"ஒரு துண்டு திண்டன். மத்தத்த விழுங்க ஏலல்ல. உங்கட வாப்பா பாத்துக்கிட்டு இரிந்தார், அதனால சேட்டுப் பைக்குள்ள போட்டுட்டன். எலும்புன்னு ஓடி வந்தீங்களே, அதான் வீசாம பிரிட்ஜில வெச்சேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தா சிரித்துவிட்டாள். இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்ததாக இன்றைக்கும் சொல்கிறாள்.

ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் அந்தத் துண்டை வைத்தோம். பாசி இழையோடு இழையாக மெல்லிய ஊசிகள், எலும்பில் இருக்கிற மாதிரியே. நடுவில் நீலமாக ஒரு நூல்.

"இதென்ன?" என்றார் பேராசிரியர்.

"சேட்டுப் பருத்தி, சேர். அதுவும் தாவரம்தானே."

தலைப்பு என்னிடமே இருந்தது. கலியாணமும் நடந்தது. நான் இப்போது பட்டமும் வேலையுமாக நிம்மதியாக இருக்கிறேன். ஆனால் என் ஆராய்ச்சியை உலகத்திலேயே முழுமனதாக நம்புகிறவர் இர்பான் மச்சானின் உம்மாதான். அந்த இரண்டு துண்டுக்குப் பிறகு தன் முழங்கால் நோவு ஓடிப்போனதாக நுரைச்சோலை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அப்படி நடக்க வழியே இல்லை என்று விஞ்ஞான ரீதியாக விளக்கினேன். "ஓம் மகள், ஓம்" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நோன்புத் தலைப்பிறை கண்டதும் வருடம் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும்.

"மகள், இந்த முறை செய்யக்குள்ள உப்ப மட்டும் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க."