டைவிங் வாட்ச்சுக்கு ஒரு மாப்பிள்ளைக் கோலம்

கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பவர்கள் உண்டு. மணியை மறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கூட்டத்தில் முற்றிப்போன ஓர் உட்பிரிவை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். பெயர், வார்மாற்றி.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கையில் ஒரு முரட்டு டைவிங் வாட்ச் இருக்கும். கடலுக்கடியில் வேலை பார்ப்பவர்களுக்காகச் செய்தது. இருநூறு மீட்டர் ஆழம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. இருட்டில் முட்கள் பச்சையாக ஒளிரும். மூச்சுக்காற்று இன்னும் எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குப் பார்ப்பதற்காக முகப்பைச் சுற்றிக் கடகடவென்று திருகும் வளையம் ஒன்றும் உண்டு. நம்மவர் அந்த வளையத்தைத் திருகி முட்டை வெந்துவிட்டதா என்று பார்ப்பார். கடலுக்கும் அவருக்கும் என்ன உறவு? அலை கணுக்காலைத் தொட்டால் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடி வருகிற உறவு.

ஆசைப்பட்டு வாங்கிவிட்டார், கட்டிக்கொண்டு போகட்டுமே என்பீர்கள். அங்கேதான் வினை. அந்த முரட்டு வாட்ச்சை அவர் கோட்டு சூட்டோடு கட்டவேண்டும். கட்டினால் அது பெரிய மனிதத் தோரணையில் இருக்கவேண்டும். அதற்கு ஒரே வழி, ரப்பர் வாரைக் கழற்றிவிட்டு வேறு வார் போடுவது. எந்த வார்? இந்தக் கேள்விக்குள் விழுந்தவர்கள் யாரும் மேலே வந்ததாகத் தகவல் இல்லை.

என் எதிர்வீட்டுப் பல் டாக்டர் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி. நீச்சல் தெரியாது. மைத்துனர் வைத்த பட்டப்பெயர் ‘முக்குளிப்பான்’. நோயாளி வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது இவர் மணிக்கட்டை விளக்கு வெளிச்சத்தில் நீட்டுவார்.

“இந்தப் பழுப்பு நல்லா இருக்கா?”

“ஆ...”

“கொஞ்சம் அடர்த்தியோ?”

“ஆ ஆ!”

“நானும் அதான் நெனச்சேன்.”

ஊரிலேயே தன் ரசனையோடு ஒத்துப்போகிறவர்கள் தன் நோயாளிகள்தான் என்பது டாக்டரின் உறுதியான நம்பிக்கை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. அவருடைய ஒரே மகள் ஒரு பையனை விரும்பினாள். தங்கமான பையன். அவனுடைய அப்பா ஓய்வுபெற்ற நீதிபதி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பார்க்கலாம்” என்று ஒரே ஒரு சொல் சொன்னாராம். பிறகு, ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்கு வருவதாகத் தகவல் அனுப்பினார். மகளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. டாக்டருக்கும்தான் தூக்கம் இல்லை. கறுப்பா, பழுப்பா?

“அப்பா, அவர் ஆளை ஒரே பார்வையில எடை போட்டுடுவாராம்,” என்றாள் மகள்.

“அதையேதான்மா நானும் சொல்றேன். கை குலுக்குறப்போ பார்வை எங்க விழும்?”

ஞாயிறு மதியம் எனக்கு அழைப்பு வந்தது. போனேன். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் விருந்தாளிகளுக்கான கேக். மற்ற இடமெல்லாம் வார்கள், மீன் கடையில் பரப்பி வைத்த மாதிரி. வெள்ளைத் தையல் போட்ட கறுப்புத் தோல்: கால்பந்துக்காரனின் ஷூவைப் பிய்த்தது போல இருந்தது. தையலே தெரியாத கறுப்பு: துக்க வீட்டுக்குப் போகலாம். பளபளவென்று முதலைத்தோல் அச்சு: அதைக் கட்டினால் வாட்ச்சே கடித்துவிடும் போலிருந்தது. தடவிப் பார்த்தால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று ஒரு நீலம். ஒவ்வொன்றையும் மாட்டி, கோட்டுக் கையை இழுத்துவிட்டு, கண்ணாடி முன்னால் கை குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார் டாக்டர்.

“இது எப்படி?” என்றார், மெல்லிய வார் ஒன்றைக் காட்டி.

“தவளைக்கு டை கட்டின மாதிரி இருக்கு,” என்றேன்.

“பார்த்தீங்களா, உங்களுக்குக் கண்ணு இருக்கு! வாட்ச் தடிமனா இருந்தா வாரும் தடிமனா இருக்கணும்.”

அவர் மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “இத்தனை வருஷமா எனக்கு இருக்கிறது ஒரே ஒரு கைப்பை.”

டாக்டர் ஆவலோடு திரும்பினார். “அதுக்கு வார் மாத்தலாமே?”

கடைசியில் பளபளப்பில்லாத, கனமான, காப்பிப் பழுப்புத் தோல் வெற்றி பெற்றது. சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. முரட்டுப் பயல் முகம் கழுவி, தலைவாரி, பெண் பார்க்கப் புறப்பட்ட மாதிரி. எல்லோரும் மூச்சு விட்டோம். டாக்டர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

ஷூ கறுப்பு!

“ஷூவை மாத்துங்க,” என்றார் மனைவி.

“பழுப்பு ஷூவுக்கு இந்தக் கோட்டு சேராது.”

“அப்ப கோட்டை மாத்துங்க.”

“கோட்டை மாத்தினா வாரை மறுபடியும் யோசிக்கணுமே!”

டாக்டர் கறுப்பு வாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாரை வாட்ச்சோடு பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங் பின் என்ற ஒரு குட்டிக் கம்பி. குண்டூசியில் பாதி இருக்கும். அழுத்தினால் சுருங்கும். விட்டால்?

டிங்!

சத்தம் சுவரில் கேட்டது. பிறகு எங்கேயும் கேட்கவில்லை. அடுத்த நிமிடம் டாக்டர், மனைவி, மகள், நான் என்று நான்கு பேரும் நல்ல துணிகளோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தோம். டாக்டர் கையில் டார்ச். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பழக்கப்பட்ட வீடு என்பதால் பையன் அதைத் தள்ளித் திறந்துவிட்டான். நீதிபதி உள்ளே காலெடுத்து வைத்தார். டாக்டரின் பின்புறம் அவரை வரவேற்றது.

“யாரும் நகராதீங்க!” திரும்பாமலே அதட்டினார் டாக்டர்.

நீதிபதி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். நீதிமன்றத்தில்கூட அவரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். மகளின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன தொலைஞ்சது?” என்று கேட்டார் நீதிபதி.

அப்போதுதான் டாக்டர் திரும்பிப் பார்த்தார். “ஸ்பிரிங் பின்... சார்.”

நீதிபதி தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எத்தனை மில்லிமீட்டர்?”

“ஐயோ,” என்றார் பின்னால் நின்ற நீதிபதியின் மனைவி. “இங்கேயுமா?”

நீதிபதி கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். சட்டைக் கையை மடக்கினார். அங்கே, நீலத்துணி வாரில், ஒரு முரட்டு டைவிங் வாட்ச்!

“டார்ச்சை அப்படிப் பிடிக்கக் கூடாது டாக்டர். தரையோட படுக்க வச்சு அடிங்க. பின் சின்னதா இருந்தாலும் நிழல் நீளமா விழும்.”

இருவரும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, மேசைக்கடியில் முகத்துக்கு முகம் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அப்பாவுக்கு இத்தனை பற்கள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று பையன் பின்னால் சொன்னான்.

நீதிபதியின் மனைவி இவர்களைத் தாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உபசரிக்கிற நிலையில் இல்லாததால் தானே ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டார்.

கடக்!

டாக்டர் பாய்ந்து எழுந்தார். டார்ச்சை அடித்து, “வாயைத் திறங்க” என்றார். விரலால் பின்னை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “வளையலையே?”

“பல்லு எப்படிங்க வளையும்?” என்றார் அந்த அம்மாள்.

“நான் பின்னைச் சொன்னேன்.”

போச்சு, கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். டாக்டரின் மனைவி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“வார் எத்தனை டப்பா வச்சிருக்கார்?” என்று கேட்டார் நீதிபதியின் மனைவி.

“மூணு. உங்க வீட்டுல?”

“அலமாரி.”

அவ்வளவுதான். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். டாக்டரும் நீதிபதியும் மூன்று டப்பாவையும் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்கள். நீதிபதியின் மனைவி பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் தெரிஞ்சுதானே வர்றே? இவனும் ரெண்டு வாட்ச் வாங்கிட்டான்.”

“தெரியும் ஆன்ட்டி. எனக்குப் பிறந்ததுலேருந்து பழக்கம்,” என்றாள் அவள். பையன் கேக்கைக் கவனமாக மென்றான்.

தேநீர் ஆறுவதற்குள் நாள், மண்டபம், யார் யாரை அழைப்பது எல்லாம் முடிவாகிவிட்டது. ஆண்கள் வெளியே வந்தார்கள். டாக்டர் கையில் நீதிபதியின் நீல வார்; நீதிபதி கையில் டாக்டரின் காப்பிப் பழுப்பு.

“நாங்க பேசி முடிச்சிட்டோம்,” என்றார் டாக்டரின் மனைவி.

“நாங்க எங்க முடிச்சோம்?” என்றார் நீதிபதி, கவலையோடு. “கல்யாணத்தன்னைக்குக் கறுப்புன்னு சம்பந்தி சொல்றார். நான் தீர்ப்பை ஒத்திவச்சிருக்கேன்.”

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள் போனில் மணி பார்க்கிறவர். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த வாட்ச்சுக்கு எது பொருந்தும் என்று நீங்கள் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வரவில்லையா? ‘தோலே தப்பு, ஸ்டீல் செயின்தான் போடணும்’ என்று என்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்ததா? அப்படியானால் தயவுசெய்து இன்று கடைத்தெருப் பக்கம் தனியாகப் போகாதீர்கள்.