தலைவர் தொடங்கி வைத்த குத்து

நான் ஒரு காலத்தில் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரனாக இருந்தேன். புதிதாக அறிமுகமாகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொல்வேன். மரியாதை கூடும். அந்தத் தொழிலில் நான் இருந்தது மொத்தம் ஒரு சாயங்காலம்தான் என்பதையும், அன்றைக்கு நான் யாரையும் குத்தவில்லை என்பதையும் அவர்களாகக் கேட்டால்தான் சொல்வேன். (யாரும் கேட்பதில்லை. என் மனைவி பக்கத்தில் இருந்தால் கேட்காமலேயே சொல்லிவிடுவாள்.)

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அரியாங்குப்பத்தில் ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். காலையில் புதுச்சேரிக்கு சைக்கிளில் போய் ஒரு பழைய கிடங்கில் மூன்று வருஷமாகக் குத்துச்சண்டை பழகினேன். மாநிலப் போட்டியில் வெள்ளிப் பதக்கமும் வாங்கியிருந்தேன். என் எடைப் பிரிவில் கலந்துகொண்டதே இரண்டு பேர்தான் என்ற விவரத்தைப் பதக்கத்தில் பொறிக்கும் வழக்கம் நல்லவேளையாக இல்லை.

அந்த வருஷம் எங்கள் தொகுதித் தலைவர் பலராமனுக்குப் பிறந்தநாள் வந்தது. எதிர்க்கட்சிக்காரர் தன் பிறந்தநாளுக்குக் கபடிப் போட்டி நடத்திவிட்டதால், இவர் அதைவிடப் பெரிதாக ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. ‘சர்வதேசத் தொழில்முறைக் குத்துச்சண்டை’ என்று அறிவித்தார். புதுச்சேரி சார்பில் நான். சர்வதேசத்தின் சார்பில் கடலூரிலிருந்து டேவிட் என்று ஒருவன்.

“ஜெயிச்சீன்னா சென்னையில ஒரு பெரிய கம்பெனி உன்னப் பார்க்க வருது” என்று தலைவரின் ஆள் சொன்னார். அது போதும். மறுநாளே டயர் கடை முதலாளியிடம் போய், “இனிமே இந்தக் கை பஞ்சர் ஒட்டாதுண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அந்த ஜாக்கிய எடுத்து உள்ள வெச்சிட்டுப் போ” என்றார். வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். முக்கால்வாசி தலைவர். மூலையில் நான், ‘புதுவைப் புயல்’ என்ற பட்டத்துடன். என் முகத்தை யாரோ ஒரு வெள்ளைக்காரனின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். அந்த உடம்பின் தோளில் ஒரு டிராகன் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் அதைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, என் சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் சோதித்தார்.

“எப்படா பச்ச குத்துன?”

“அது நான் இல்லம்மா, தலை மட்டுந்தான் நான்.”

“அப்ப உடம்பு எங்க?”

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருஷம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரல். ஆலையை மூடிவிட்டார்கள், அந்தக் குரலை யாராலும் மூட முடியவில்லை.

போட்டி நான்கு மணிக்கு என்றார்கள். பந்தல்காரர் சவுக்குக் கட்டை நட்டு, பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த படகுக் கயிற்றைச் சுற்றி மேடை கட்டியிருந்தார். கயிற்றில் சாய்ந்தால் முதுகில் மீன் வாசம். எடை பார்க்கிறார்கள் என்று காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. (எடை பார்க்கும் மெஷினே வரவில்லை. டேவிட் இதை முன்கூட்டியே விசாரித்துவிட்டு மூன்று பரோட்டா சாப்பிட்டிருந்தான்.)

நடுவராக முசே லூர்து வந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் இவர்களைச் சொல்தா என்போம், பேருக்கு முன்னால் மரியாதையாக முசே போடுவோம். ராணுவத்தில் குத்துச்சண்டை பார்த்திருக்கிறார் என்பதால் அவரைப் பிடித்து வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு போ டை, ஒரு விசில். கூட்டத்திலேயே ஒழுங்காக உடுத்தியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

தலைவர் ஆறரைக்கு வந்தார். அதுவரை நானும் டேவிட்டும் வெற்று மார்போடு கடல் காற்றில் நின்றோம். வந்ததும் வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. ஒவ்வொரு பேச்சாளரும் எங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். குளிருக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பதாவது பொன்னாடையில் எனக்குக் கண் இருட்டத் தொடங்கியது.

கடைசியில் போட்டோகிராஃபருக்கு ஒரு யோசனை வந்தது. “தலைவர் க்ளவுஸ் போட்டு ஒரு குத்து விட்டு போட்டிய தொடங்கி வைக்கட்டும்!”

தலைவருக்குப் பிடித்துப்போனது. க்ளவுஸ் மாட்டினார்கள். கழன்றுவிடாமல் இருக்க ஒரு தொண்டர் பக்தியோடு ஐந்தாறு முடிச்சுப் போட்டார். தலைவர் என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் கையை நிறுத்தினார். ஃப்ளாஷ் அடித்தது.

“சிரிக்காதீங்கண்ணே. கோவமா பாருங்க.”

இன்னொரு ஃப்ளாஷ்.

“இன்னும் கொஞ்சம் வேகமா. நெசமா குத்துற மாதிரி!”

தலைவர் கையைப் பின்னால் இழுத்தார். அந்த நேரம் பார்த்து மேடையின் ஓரத்திலிருந்து அவருடைய ஆள் என்னை முறைத்து, “டேய், தலைவருக்கு வணக்கம் வெச்சியா?” என்றார்.

மூன்று வருஷம் என்னென்னவோ கற்றிருந்தேன். ஒதுங்கத் தெரியும், தடுக்கத் தெரியும், விலகத் தெரியும். அத்தனையையும் விட்டுவிட்டு, இரண்டு க்ளவுஸையும் சேர்த்துக் கும்பிட்டு, தலையை முன்னால் நீட்டிப் பணிவாகக் குனிந்தேன்.

தலைவரின் கை கிளம்பிவிட்டிருந்தது.

என்னை வீழ்த்தியதில் பாதிதான் அந்தக் கை. மீதி என் காலி வயிறு என்று இன்றுவரை வாதாடி வருகிறேன். எதுவானாலும், ஒன்பது பொன்னாடைகளோடு நான் தரையில் கிடந்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. காதில் மட்டும் ஏதோ விழுந்தது.

“ஆன்... தெ... த்ருவா... காத்ர்...”

செத்த பிறகு மேலே வேறு பாஷை பேசுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது முசே லூர்து. யார் விழுந்தாலும் பத்து வரை எண்ண வேண்டும் என்பது அவருக்கு விதி. ராணுவத்தில் எண்ணிய பாஷையில் எண்ணினார். அதற்குள் எனக்கு முழுவதும் இருட்டிவிட்டது. மீதியை ஊரார் சொல்லித்தான் தெரியும்.

முசே லூர்து ஐந்து எண்ணி, ஆறு எண்ணி, அடுத்து ஏழுக்கான பிரெஞ்சுச் சொல்லை மைக்கில் தெளிவாகச் சொன்னார்:

“செத்!”

“ஐயோ! செத்துட்டானா எம்புள்ள!”

பஞ்சாலைக் குரல். மைக் தேவைப்படவில்லை. கடைசி வரிசை வரை கேட்டது. பெண்கள் எழுந்து அழ ஆரம்பித்தார்கள். அம்மா கயிற்றுக்கு அடியில் நுழைந்து மேடையேறி, முசே லூர்துவின் போ டையைப் பிடித்தார்.

“ஏழும்மா! ஏழுன்னுதான் சொன்னேன்!” என்று அவர் கதறினார்.

“ஏழைங்கன்னா? ஆமாய்யா, ஏழைங்கதான்! அதுக்குப் புள்ளயக் கொல்லுவீங்களா?”

டேவிட் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, “நான் தொடவே இல்லம்மா! எல்லாரும் பாத்தீங்கல்ல, நான் தொடவே இல்ல!” என்று நாலு திசைக்கும் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

ஒருவரை மட்டும் காணவில்லை. நான் சோடா தெளித்து எழுப்பப்பட்டு, டேவிட் மிச்சம் வைத்திருந்த பரோட்டாவைச் சாப்பிட்டு உட்கார்ந்தபோது, தலைவரின் கார் திண்டிவனத்தைத் தொட்டிருந்தது. கொலை கேஸ் என்று நினைத்து மாமியார் வீட்டில் பதுங்கிவிட்டார். முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் க்ளவுஸோடுதான் போய் இறங்கினாராம். மாமியார் அரிவாள்மணையில் அறுத்து எடுத்ததாகத் தகவல்.

மூன்றாம் நாள் நான் உயிரோடிருக்கிறேன் என்று உறுதியானதும் திரும்பி வந்தார். வந்த வேகத்தில் புது ஃப்ளெக்ஸ்: ‘புயலை ஒரே குத்தில் வீழ்த்திய புரட்சி வீரர்!’ மன்னிப்புக் கேட்பார் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

“தேர்தல் வருதுப்பா. வண்டியில சும்மா என் பக்கத்துல நில்லு. கவர்மென்ட் வேலைக்கு நான் பொறுப்பு.”

கோபம் வந்தது. டயர் கடையில் என் இடத்தில் வேறு ஆள் சேர்ந்துவிட்டான் என்ற ஞாபகமும் வந்தது. நின்றேன். சட்டையைக் கழற்றச் சொல்லி, தெருத் தெருவாக, “என் கையால விழுந்த வீரர் இவர்தான்!” என்று தலைவர் என்னைக் காட்டினார். நான் கும்பிட்டேன். ஒரு தெருவில் ஒரு கிழவர் என்னை உற்றுப் பார்த்து, “பாவம், டிராகன்கூட அழிஞ்சிபோச்சி” என்றார்.

தலைவர் ஜெயித்தார். சொன்னபடி ஒரு அரசு அலுவலகத்தில் எனக்கு வேலையும் வாங்கித் தந்தார். சென்னைக் கம்பெனி மட்டும் வரவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குத் தலைவர் வந்தார். ஆசீர்வாதம் பண்ண அவர் வலது கையைத் தூக்க, நான் பழக்கதோஷத்தில் தலையை நீட்ட, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அம்மா கத்தினார்:

“டேய்! குனியாத!”

தலைவரே திடுக்கிட்டுக் கையை இறக்கி, தள்ளி நின்று அட்சதையைத் தூவிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு மணமேடையில் விழுந்து விழுந்து சிரித்த என் மனைவி அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள். இப்போதும் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அதையேதான் சொல்லி அனுப்புகிறாள்.

நானும் தலையாட்டிவிட்டுத்தான் போகிறேன். பதினோரு மணிக்குள் குறைந்தது நாலு பேருக்குக் குனிந்துவிடுகிறேன்.