இடது பக்கம் தவிர மற்றெல்லாம் சௌக்கியம்

பெரிய மனசும் அதைவிடப் பெரிய குரலும் கொண்ட என் அக்காவுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் இடது பக்கம் தவிர மற்றெல்லாம் சௌக்கியம். உன் சௌக்கியத்தை ஃபோனில் கேட்கலாமென்றால் நான் ஹலோ சொல்வதற்குள் நீ அழுதுவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள், அவ்வளவுதான். ரிசல்ட் நாளைக்கு. அதற்குள் நீ உன் வீட்டில் எனக்குக் கட்டில் போட்டு, நான் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கு என் சார்பில் லீவும் சொல்லி, சொந்தக்காரர்கள் காதிலும் போட்டுவிட்டாய். நம் சித்தப்பாவுக்கு மார்பு என்று சொல்ல வாய் கூசுகிறதாம்; எல்லோரிடமும் எனக்குத் தோள்பட்டை ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் தோளுக்குத் தைலம் கொண்டுவருகிறார்கள்.

வலிக்கிறதா என்றால் வலிக்கிறது. கன்றிப்போன இடம் கத்தரிக்காய் நிறத்தில் தொடங்கி இப்போது மாம்பழத்துக்கு வந்திருக்கிறது. "ராத்திரியும் இறுக்கமா உள்ளாடை போட்டுக்குங்க, துணியில சுத்தி ஐஸ் வைங்க, வெயிட்டு தூக்காதீங்க" என்றாள் நர்ஸ். ஐஸ் நழுவுகிறது என்று ஃப்ரீசரில் கிடந்த பட்டாணிப் பாக்கெட்டை வைத்துக்கொண்டேன். சொன்ன இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது. எனக்கு ஓய்வு கொடுக்கிறேன் பேர்வழி என்று சமையலில் இறங்கிய என் வீட்டுக்காரர் அந்தப் பாக்கெட்டையே பிரித்துச் சமைத்து, தைலத்தோடு வந்த சித்தப்பாவுக்குப் பரிமாறிவிட்டார். "பட்டாணி ரொம்பப் பதமா இருக்கேம்மா!" என்று மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் சித்தப்பா. வாய் கூசியவருக்கு இது வேண்டியதுதான் என்று நான் மூச்சு விடவில்லை.

வேலைக்கும் போனேன், திட்டிக்கொள். சீட் பெல்ட் சரியாகக் காயத்தின் மேல்தான் உட்காருகிறது. என்னிடம் கார் ஓட்டப் பழகும் வக்கீலம்மா, கோர்ட்டில் எதிர்த்தரப்புக்காரன் கழுத்தை மிதிப்பதுபோல் பிரேக்கை மிதிப்பாள். நான் "ஐயோ!" என்று அலற, யார் மேலேயோ ஏற்றிவிட்டோம் என்று இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் தேடினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்?"

"மெதுவா மிதிங்கன்னு முன்னாடி சொன்னப்ப மட்டும் கேட்டீங்களா?" என்றேன். அன்றிலிருந்து வண்டி நிற்பதே தெரியவில்லை.

ஆகவே அந்தக் கட்டிலை மடித்து வை. நாளைக்கு நானே காரை ஓட்டிக்கொண்டு போய் ரிசல்ட் வாங்குவேன். நல்லதாக இருந்தால் நேரே வகுப்புக்குப் போவேன். கெட்டதாக இருந்தால் முதலில் ஒரு காபி குடித்துவிட்டு, பிறகு அதையும் ஒரு கை பார்ப்பேன். ரிசல்ட் வருவதற்கு முன்பே படுத்துக்கொள்கிற ஜாதி நான் இல்லை. எனக்குப் பயமும் இல்லை. நீ வரவே வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். சித்தப்பாவிடம் பட்டாணி பற்றி மூச்சு விடாதே.

இப்படிக்கு,
யாருக்கும் அடங்காத உன் தங்கை

பி.கு.: தபாலில் போடத்தான் கிளம்பினேன். கார் உன் தெருவுக்கு வந்து நின்றுவிட்டது. மணியடித்தால் பேச வேண்டும், பேசினால் உடைந்துவிடுவேன். அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வாசலில் நிற்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா. நாளைக்கு நீயும் கூட வா. இப்போது கதவைத் திற. கட்டிப்பிடிப்பதானால் வலது பக்கமாகப் பிடி.