உள்பொக்கட் நானாவின் உலகப்போர்கள்

மூன்றாம் உலகப்போர் எப்போது தொடங்கும் என்று சரியாகச் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எந்த வல்லரசின் தலைநகரிலும் இல்லை. குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில், கோழிக்கடைக்கும் போனுக்கு ரீலோட் போடுகிற கடைக்கும் நடுவில், ஒரு தையல் மெஷினோடு இருக்கிறார். அவரிடம் உள்ள ஒரே குறை, அவர் கணக்கில் அந்தப் போர் ஏற்கெனவே பதினொரு தடவை தொடங்கிவிட்டது என்பதுதான்.

சிலாபத்துக் கரையைச் சேர்ந்த எனக்கு வாத்தியார் உத்தியோகம் கிடைத்தது அந்தப் பக்கத்தில்தான். போன முதல் வாரமே ஒரு நீளக் காற்சட்டைக்குத் துணி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ஐம்பது தாண்டிய ஒல்லி மனிதர். காதில் பென்சில், கழுத்தில் அளவு நாடா. மெஷினில் சாய்த்து வைத்த போனில் யாரோ மூச்சுவிடாமல் யுத்தச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் இடுப்பில் நாடாவைச் சுற்றினார்.

“முப்பத்தி நாலு. சேர், கப்பல் ரெண்டு வெளிக்கிட்டிட்டாமே?”

“எந்தக் கப்பல் நானா?”

“யுத்தக் கப்பல்! இதுகூடத் தெரியாம பிள்ளையளுக்கு என்னத்தப் படிச்சுக் குடுக்கிறீங்க?” என்று நாடாவை ஓர் இழுப்பு இழுத்தார். கப்பல் இரண்டும் திரும்பிப் போன செய்தி வந்த பிறகுதான் என்னால் மூச்சுவிட முடிந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவும் வேண்டாம்.

காற்சட்டை வந்தது. அளவு கச்சிதம். ஆனால் இடுப்புப் பட்டிக்கு உள்பக்கமாக, வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில், பொத்தான் வைத்த ஒரு பொக்கட் இருந்தது.

“நான் இது கேக்கல்லையே நானா.”

“கேட்டுத் தைக்கிற பொக்கட் இல்ல சேர் இது. ஐடென்டிய வைங்க. நாளைக்கு என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?”

அப்புறம்தான் விசாரித்தேன். ஊரில் அவர் கை பட்ட எந்த உடுப்புக்கும் உள்பொக்கட் உண்டு. பள்ளிச் சீருடைக்கு உண்டு, கலியாண மாப்பிள்ளையின் கோட்டுக்கு உண்டு. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும், அந்த அட்டையும் உள்பொக்கட்டுக்குள்தான் கிடக்கும். அண்ணனை நானா என்று கூப்பிடுகிற அந்த ஊரில் எல்லோருக்கும் அவர் ‘உள்பொக்கட் நானா’.

உலகம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள அங்கே பத்திரிகை தேவையில்லை, பொக்கட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் போதும். சாதாரண காலத்தில் அடையாள அட்டை அளவு. இரண்டு பெரிய தலைவர்கள் முகம் கொடுத்துக் கதைக்காவிட்டால் பாஸ்போட் அளவு. எங்காவது குண்டு விழுந்தால் காணி உறுதிப் பத்திரத்தை நாலாய் மடித்து வைக்கிற அளவு. எங்கள் ஆசிரியர் அறையில் புதுக் காற்சட்டையோடு யார் வந்தாலும், “எவ்வளவு ஆழம்?” என்றுதான் முதலில் கேட்போம். ஆழம் கூடியிருந்தால் சிரிப்போம். சிரித்து முடித்ததும் அவரவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

கண்டக்குழியிலிருந்து வருகிற மீன்காரர் அந்தோனிதான் அவரோடு நேருக்கு நேர் மோதுகிற ஆள். ஒருநாள் இடுப்பில் கட்டிய சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

“நானா, ஓரம் அடிக்கத்தானே இந்தச் சாரத்தத் தந்தன்? உள்ளுக்க அரைச் சாக்கு வச்சித் தைச்சிருக்கு! கடல்ல விழுந்தனெண்டா தண்ணி நிறைஞ்சி நேரா அடிக்குப் போயிருவன்.”

“விழாத. ஈரான் பக்கம் நிலைமை சரியில்ல.”

“ஈரானுக்கும் என்ட சாரத்துக்கும் என்ன?”

“எண்ணெய் வராட்டி உன்ட போட் ஓடுமா? போட் ஓடாட்டி நீ இஞ்ச இருப்பியா? போகக்குள்ள கையில என்ன இருக்கும்? போய் யோசி.”

அந்தோனி யோசித்தார். அடுத்த வாரம் மகனுடைய சாரத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்.

தேர்தல் காலத்தில் ஒரு வேட்பாளர் வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார். நானா வழக்கம் போலவே தைத்தார். கூட்டத்தில் பேச எழுந்த மனுசன் வியர்வை துடைக்கக் கைலேஞ்சியைத் தேடி உள்ளே கைவிட்டு இழுக்க, முழங்கை நீளத்துக்கு ஒரு பொக்கட் வெளியே தொங்கியது. “இப்பவே பை வச்சித் தைச்சிட்டாரு!” என்று யாரோ கத்தினார்கள். அந்தக் கூட்டம் அதோடு சரி. சண்டைக்கு வந்த ஆட்களிடம் நானா நிதானமாகச் சொன்னார்: “எடுக்கிறத்துக்கில்ல தம்பி. தோத்தா ஓடுறத்துக்கு.”

ஆலங்குடாவில் நடந்ததைச் சொல்லாவிட்டால் ஊரார் என்னை மன்னிக்கமாட்டார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம். அங்கே ஒரு ஹோட்டலுக்குத் திரைச்சீலை கொடுக்கப் போன நானா கடலைப் பார்த்தார். வானம் நிறையச் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு மனிதன் தொங்கிக்கொண்டிருந்தான். திரைச்சீலையைப் போட்டது போட்டபடி திரீவீலில் ஏறினார். வீட்டுக்கு வந்து, பத்திரங்களை உள்ளே வைத்துத் தைத்த உடுப்பை மனைவியைப் போடவைத்து, ஊரை விட்டே கிளம்பிப் பாலாவிச் சந்தி வரைக்கும் போய்விட்டார். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் துரத்தி வந்து மறித்தவர் அந்தோனி.

“நானா, அது வெள்ளைக்காரன் பட்டத்தப் பிடிச்சிக் கடல்ல சறுக்கி விளையாடுறான்!”

“முதல்ல விளையாட்டெண்டுதான் இறங்குவானுகள்.”

யுத்தச் செய்திகளில் யார் பக்கம் நியாயம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. காஸா என்றாலும் உக்ரேன் என்றாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: “சனத்துக்கு எத்தின மணித்தியாலம் குடுத்தாங்களாம்?” ஒருநாள் கேலியாகவே கேட்டுவிட்டேன், ஏன் எப்போதும் மணித்தியாலக் கணக்கு என்று. அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அவருக்கு வயது பத்தொன்பது. முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஆயுதத்தோடு வந்த இயக்கத்தார் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

“ரெண்டு மணித்தியாலத்தில மனுசன் என்ன செய்வான் சேர்? வாப்பா ஒரு மணித்தியாலம் கதிரையிலயே குந்திட்டிருந்தார். உம்மா, உலையை இறக்கிறதா விடுறதா எண்டு கேட்டுட்டு நிண்டா. நான் உம்மாட பாவாடை ஓரத்தப் பிரிச்சி, எங்கட பிறப்புப் பத்திரம் எல்லாத்தையும் வச்சித் தைச்சன். வழியில பெட்டியப் பாத்தாங்க, பேக்கப் பாத்தாங்க. தையலப் பாக்கல்ல.”

நான் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் வழக்கம் போலச் சிரிக்கத் தொடங்கிவிட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கு ஒரே மகள், சுமையா. வளைகுடாவில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. அவள் போகும்போது அபாயா அங்கிக்குள் அவர் தைத்த பொக்கட்டில் ஒரு குடும்பத்தின் பத்திரங்களே கொள்ளும். ஒருநாள் காலை, அந்த நாட்டுக்கு மேலால் ஏவுகணைகள் பறந்ததாகச் செய்தி வந்தது. பாடசாலை விட்டு வருகிற வழியில், வாய் சும்மா இருக்காமல், கடை வாசலில் நின்று வழக்கமான கேள்வியை நானே கேட்டேன்.

“நானா, எத்தின மணித்தியாலமாம்?”

மெஷின் ஓடவில்லை. போனில் செய்தியும் ஓடவில்லை. அவர் என்னைப் பார்த்த பிறகுதான் சுமையா எந்த நாட்டில் இருக்கிறாள் என்பது என் மண்டையில் உறைத்தது.

“போன் எடுபடுதில்ல சேர்,” என்றார். “அவட பாஸ்போட்ட வீட்டுக்காரங்க அலுமாரில வச்சிப் பூட்டியிருக்காங்களாம். நான் தைச்ச பொக்கட்டுக்குள்ள ஒண்டுமில்ல. வெறும் பொக்கட்.”

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பதினொரு உலகப்போர்களைச் சத்தம் போட்டு நடத்திய மனிதர் பன்னிரண்டாவதுக்கு வாயே திறக்கவில்லை.

மறுநாளும் போன் எடுபடவில்லை. அன்றைக்குத்தான் ஊரில் எல்லோருடைய உடுப்பும் ஒரேயடியாகக் கிழியத் தொடங்கியது. ஆறுதல் சொல்லப் போனால் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார், தையலோடு போனால் இருந்துதானே ஆக வேண்டும்? அந்தோனி புதுச் சட்டை ஒன்றின் கையைப் பிய்த்துக்கொண்டு வந்தார். கோழிக்கடைக்காரர் ஏப்ரனைக் கொண்டுவந்தார். நான் உள்பொக்கட் கிழிந்த என் காற்சட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.

நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சேர், இது பிளேட்டால வெட்டினது.”

“எலி நானா.”

“எலிக்கு பிளேட் ஆரு குடுத்த?”

இரண்டு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பகிடி அது. நாங்கள் மூன்று பேரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தோம். அவர் தைத்தார். தைத்து முடிந்ததும் போனைப் பார்த்தார். அடுத்த கிழிசலைக் கொடுத்தோம். இப்படியே நாலு நாள் போனது. வீட்டில் கிழிக்க உடுப்பில்லாமல் அந்தோனி கடைசியில் கட்டில் விரிப்பைக் கொண்டுவந்தார்.

ஐந்தாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம் போன் அடித்தது. நானா எடுக்கவில்லை, எடுக்க அவருக்குக் கை வரவில்லை. நான்தான் எடுத்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

“வாப்பா, நான் நல்லா இரிக்கன் வாப்பா. லைன் எல்லாம் கட்டாகிப் போச்சி.”

நானா அல்லாஹ்வைக் கூப்பிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறென்ன கேட்பார்? “மகள், எத்தின மணித்தியாலம் குடுத்தாங்க?”

“ஒரு நிமிசமும் குடுக்கல்ல வாப்பா. சத்தம் கேட்டுத்தான் பிள்ளையையும் தூக்கிட்டுக் கீழ ஓடின. மெடம் அழுதிட்டு இருந்தா. பொறகு அலுமாரியத் திறந்து என்ட பாஸ்போட்டத் தந்துட்டா. நான் அத நீங்க தைச்ச பொக்கட்டுக்குள்ள வைக்கக்குள்ள பாத்திட்டா.”

“ஏசினாவா?”

“இல்ல வாப்பா. தனக்கும் ஒண்டு தைக்கச் சொன்னா. தைச்சுக் குடுத்திட்டன்.”

நானா அழுதார். அந்தோனியும் அழுதார், கட்டில் விரிப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானா சொன்னார்: “வீடு, காரு, காவல்காரன் எல்லாம் இருக்கிற மனிசி சேர். அவவுக்கும் பயந்தானே, என்ன?”

“ஓம் நானா,” என்றேன்.

விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் சுமையா வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் அவளைக் கண்டதும் நானா முதலில் பார்த்தது தையல் விட்டிருக்கிறதா என்றுதானாம். அதற்குப் பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தாராம்.

எனக்கும் மாற்றல் வந்து இப்போது சிலாபத்தில் இருக்கிறேன். கடையில் வாங்கிய ரெடிமேட் காற்சட்டைதான் போடுகிறேன். காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே செய்தி கேட்கும்போது, எங்கேயோ எவனோ எவனையோ மிரட்டும்போது, என் கை தானாக இடுப்புப் பட்டிக்குள் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. கிழித்துக்கொண்டு போவதற்குக்கூட ஒரு பொக்கட் இல்லை.

இந்த விடுமுறைக்குத் துணியோடு குறிஞ்சிப்பிட்டிக்கு வருகிறேன் நானா. எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் பெரிதாகவே தையுங்கள், அளவெடுக்கிற சாட்டில் உங்களோடு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகிறேன்.