கணப்போர நாற்காலிப் பரணி

வாழ்க கிளெமென்ட் ஓல்ட்ராய்ட்! மூன்று கம்பளிச் சட்டை பூண்ட மார்பன், இரட்டைக் காலுறை இட்ட தாளன், வாடை கடித்துச் சிவந்த மூக்கன், தார்ன்பெக் காய்கறித் தோட்டக்காரர் சங்கத்தின் பதினேழாம் எண் நிலத்துண்டுக்கு உரிய பெருமகன், எழுபத்தொரு வயதிலும் தொப்பிக் குஞ்சம் சாயாமல் நடக்கும் தகைமையன், வாழ்க! யானையைக் கொன்றவர்களைப் பாட ஆள் இருக்கிறார்கள். இவன் ஒரு நாற்காலிக்காகப் பொருதவன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் யார்க்ஷையர் மலைச்சரிவில், பிப்ரவரி மாதத்தில், கதவோரம் ஒருமணி நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகு சிரிக்கட்டும்.

சங்கத்தின் மரக்கொட்டகையில் ஆறு நாற்காலிகள் உண்டு. ஐந்து நாற்காலிகளும் கதவிடுக்குக் காற்றுக்குப் பொதுச்சொத்து. ஆறாவதோ குளிர்காயும் இரும்புக் கணப்படுப்பை ஒட்டியது. கைப்பிடி தேய்ந்து பளபளப்பது. உட்கார்ந்தவரின் முழங்கால் அரைமணியில் இருபது வயது இளமை பெறுவது. அக்டோபர் பிறந்த நாள் தொட்டுப் பிப்ரவரி முடியும் நாள்வரை யாருடைய துண்டில் வெப்பமானி மிகக் கீழே இறங்குகிறதோ, அவருக்கே அந்த ஆசனம் ஓராண்டுக்கு. அதிகம் நடுங்கியவருக்கே அதிகக் கதகதப்பு என்னும் இந்த நீதியை யார் வகுத்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் அதை மீறியவர் கிடையாது.

குளிரின் பெருமையை அளக்கும் இந்நாட்டில் பன்னிரண்டு மாதங்களும் ஆளுக்கொரு விதமாய்ப் படை நடத்துபவை. மேல்கோட்டை எடுப்பதா வேண்டாமா என்று வாசலில் நிற்கவைத்தே ஆளைக் கொல்வது அக்டோபர். நாள் முழுவதும் நான்கு பாகை வெப்பத்தில் மூடுபனியோடு குந்தியிருந்து, குளிர் என்று சொல்லவும் விடாமல் கதகதப்பு என்று சொல்லவும் விடாமல் இம்சிப்பது நவம்பர். வாழ்த்து அட்டைகளிலெல்லாம் பனிமழை பொழிந்துவிட்டு, பண்டிகை நாளன்று பதினொரு பாகையில் சாதா மழையைக் கொட்டும் வாய்ச்சவடால் பேர்வழி டிசம்பர். ஜனவரி நேர்மையானது, நீளமானது, யாருக்கும் பிடிக்காதது. நாள் குறைந்தாலும் நஞ்சு குறையாத பிப்ரவரிக்கு அஞ்சாதவர் இல்லை. விடியலில் உறைந்து நண்பகலில் வியர்க்கவைப்பது மார்ச்; அவரைக்காய் நாற்றுகளை முளைக்கவிட்டுக் கருக்குவது ஏப்ரல்; ஜூனிலோ ஊர்த்திருவிழாவை மழைச்சட்டை போட்டுக்கொண்டு நடத்துவார்கள். ஜூலையில் ஒரே ஒரு நாள் முப்பத்தொரு பாகை அடித்தால் போதும், நாடே புல்வெளியில் மல்லாந்துவிடும். அன்றைக்கு மட்டும் எல்லோரும் பழைய ஃபாரன்ஹீட்டுக்குத் தாவி, “எண்பத்தெட்டு! எண்பத்தெட்டு!” என்று அரற்றுவார்கள். குளிர் வந்ததும் மறுபடி செல்சியஸ், அதில்தானே மைனஸ் வரும்! வெயிலையும் பெரிதாக்க வேண்டும், குளிரையும் பெரிதாக்க வேண்டும். அதற்கு இரண்டு அளவுகோல் இருந்தால்தான் கட்டுபடியாகும்.

இத்தகைய நாட்டில் ஐந்து ஆண்டுகளாக அந்த நாற்காலி பிரெண்டா ஹேகார்த்திடம் இருந்தது. ஓடையோரப் பள்ளத்தில், குளிர்காற்று வழிந்து தேங்கும் இடத்தில், இரண்டாம் எண் துண்டு உடையவள் அவள், ஓய்வுபெற்ற அஞ்சல்காரி, குரலில் இனிமையும் கணக்கில் கறாரும் கொண்டவள். ஐந்து ஆண்டுகளும் நம் கோமகன் கதவோரத்தில், ஈரக் கோட்டுகள் மாட்டும் ஆணிகளுக்கு நேர் கீழே, பிடரியில் சொட்டு விழ, இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் ஆண்டு முடிவில் அவன் நெஞ்சுக்குள் வஞ்சினம் மூண்டது: “வரும் குளிரில் அந்நாற்காலி ஏறேனாயின் என் ருபார்ப் செடித் தண்டுகள் ஈர்க்குச்சியாய் மெலிக! என் தேநீர்ப் பால் கெண்டியிலேயே திரிக!” வாய்விட்டுச் சொன்னது “பாக்கலாம்” என்ற ஒரு சொல்தான். அந்த ஊரில் அதுவே முரசறைந்ததற்குச் சமம்.

பிறகு அவன் செய்த காரியத்தை எண்ணினால் இன்றும் மனம் கலங்குகிறது. தெற்கு நோக்கிய தன் பழைய துண்டை, ஊரே வாய்பிளந்த ஸ்ட்ராபெரி விளைந்த அந்தச் சொர்க்கத்தை, வேறொருவனுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, மலைச்சுவரின் நிழல் விழும், எதுவும் முளைக்காத பதினேழாம் எண் குழியைக் கேட்டு வாங்கினான். நல்ல மண்ணைத் தேடிப் போர் செய்த மன்னர்கள் பலர். மோசமான மண்ணைத் தேடிப் போனவன் இவன் ஒருவனே. சங்க விதிப்படி வெண்சாயம் பூசிய பலகைப்பெட்டி ஒன்றை நட்டு, உள்ளே வெப்பமானியைத் தொங்கவிட்டான். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு சிறு இரும்பு முட்கள்: ஒன்று மாதத்தின் மிகுந்த குளிரை நினைவில் வைக்கும், மற்றது மிகுந்த வெப்பத்தை. காந்தம் வைத்து இறக்கும்வரை இரண்டும் போன இடத்திலேயே நிற்கும். இரண்டாவது முள்ளை யாரும் கவனிப்பதில்லை. கவனித்திருக்க வேண்டும்.

டிசம்பரில் கிளெமென்ட் மைனஸ் எட்டு கண்டான். ஜனவரியில் பிரெண்டா மைனஸ் ஒன்பது கண்டாள். பிப்ரவரி முழுவதும் மேகம் வந்து போர்த்திக்கொண்டு, பகைவர் இருவரையும் ஒருசேர ஏமாற்றியது. கடைசி நாளுக்கு முந்தின மாலைதான் வானம் திறந்தது, காற்று அடங்கியது. தொட்டிநீர் உறைந்து கல்லாயிற்று. கொட்டகைப் பூட்டு சாவியை ஏற்க மறுத்தது.

விடிந்ததும் பிரெண்டாவின் பெட்டியைப் பார்த்தார்கள்: மைனஸ் ஒன்பது புள்ளி எட்டு. அடுத்து பதினேழாம் எண். பெட்டியை எதிராளி திறக்கவேண்டும், செயலாளர் படித்துக் குறிக்கவேண்டும் என்பது விதி. செயலாளன் நெவில் ராம்ஸ்டனோ மூக்குக்கண்ணாடியை ஓடைப்பக்கம் மறந்துவைத்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பிப் போயிருந்தான். பிரெண்டா கதவைத் திறந்தாள். குளிர்முள் மைனஸ் பதினொன்று புள்ளி இரண்டில், வாகை சூடிய வேல் போல் நின்றது.

“பரவால்லையே,” என்றாள் பிரெண்டா. அந்த ஊரில் இதைவிடப் பெரிய வாழ்த்து கிடையாது.

நம் நாயகனுக்கு நெஞ்சு விம்மிற்று. வென்றவன் தோற்றவளை உபசரிக்காமல் இருப்பது அழகல்லவே! குடுவையிலிருந்து கொதிக்கும் தேநீரைக் கோப்பையில் ஊற்றி நீட்டினான். வாங்கியவளுக்குக் குளிரில் மூக்கு ஒழுகிற்று. கைக்குட்டையைத் தேடக் கை வேண்டும். கோப்பையை எங்கே வைப்பது?

“அங்கயே வைங்கம்மா, தட்டு இருக்குல்ல,” என்றான் கிளெமென்ட், பெட்டியின் உள்தட்டைக் காட்டி. வெப்பமானிக்கு நேர் கீழே. அவளும் அங்கேயே வைத்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க கிளெமென்ட், ஜனவரியாவது சொல்லிட்டு அடிக்குது. இந்த பிப்ரவரி இருக்கே, சிரிச்சிக்கிட்டே அடிக்குது.”

“அட, அறுபத்திமூணாம் வருசக் குளிர பாக்கணுமே நீங்க! எங்கப்பா பால் புட்டிய ஒடைச்சிட்டு பாலக் கையில எடுத்துட்டு வந்தாரு.”

“எங்க வீட்ல பூனை தண்ணிக் கிண்ணத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு.”

“போன ஜூன் மட்டும் என்னவாம்? நான் கையுறை போட்டுத்தான் களை எடுத்தேன்.”

இப்படி மாதம் மாதமாய்ப் பிடித்து இழுத்துவந்து இருவரும் ஏசிக்கொண்டிருந்த நேரமெல்லாம், கோப்பையின் ஆவி மெல்ல மெல்ல மேலெழுந்து, யாரும் பார்க்காத இரண்டாவது முள்ளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலையேறியது. நெவில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பிரெண்டா கோப்பையைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள்.

நெவில் கண்ணாடியை மாட்டினான். குனிந்தான். நிமிர்ந்தான். மீண்டும் குனிந்தான்.

“குறைஞ்சது மைனஸ் பதினொண்ணு புள்ளி ரெண்டு. சரி. அதிகபட்சம்...” அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். “நாப்பத்திமூணு.”

“என்னது?” என்றாள் பிரெண்டா.

“நாப்பத்திமூணுங்க. பிப்ரவரில. யார்க்ஷையர்ல. சகாராவுல கூட இந்த மாசம் இவ்ளோ அடிக்காதே.” பிறகு அவன் தொண்டையைச் செருமி, அரசவைக் குரலில் பிரகடனம் செய்தான்: “விதி நான்கு. ஒரு பக்கம் பிழைபடும் கருவி மறுபக்கமும் ஏற்கப்படாது. இவ்வாண்டும் நாற்காலி திருமதி ஹேகார்த்துக்கே!”

“நெவில், நான் கண்ணால பாத்தேன்யா, மைனஸ் பதினொண்ணு!” என்றாள் பிரெண்டா.

“விதின்னா விதிதாங்க. கருவி பழசாயிருக்கும்.”

அந்தக் கணத்தில் கிளெமென்ட் ஓல்ட்ராய்டின் மார்புக்குள் நடந்த போருக்கு முன் குருதிக் களங்களெல்லாம் குழந்தை விளையாட்டு. உண்மை அவனுக்குத் தெரிந்துவிட்டது. தட்டின் வெண்பனியில் கோப்பையின் அடிவட்டம் ஈரமாய், திருத்தமாய், முத்திரை குத்தினாற்போல் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்: “அது அவங்க டீ.” நாற்காலி அவனுடையது. முழங்கால் சொல் என்றது. பிடரி சொல் என்றது. பறிகொடுத்த ஸ்ட்ராபெரிகள் மண்ணுக்கு அடியிலிருந்து சொல் சொல் என்று கூவின. ஆனால் கொடுத்தது தன் கையாலான தேநீர். வைக்கச் சொன்னது தன் வாய். விருந்தாளி மீது பழி போடுவதா? அவன் பெட்டியின் கதவைச் சாத்தினான்.

“ஆமா, பழசுதான்,” என்றான். சொல்லும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது; குளிரில் கண் கலங்குவது போல் துடைத்துக்கொண்டான்.

பத்து மணிக்குக் கொட்டகையில் கணப்பு கனன்றது. பிரெண்டா ஆறாம் முறையாக அரியணை ஏறினாள். கிளெமென்ட் ஆணிகளுக்குக் கீழே அமர்ந்தான். முதல் சொட்டு பிடரியில் விழுந்தது. நெவில் எல்லோருக்கும் புதிதாய்த் தேநீர் ஊற்றி வைத்தான். பிரெண்டா தன் கோப்பையை ஜன்னல் திண்டில் வைத்தாள். உறைபனி பூத்திருந்த கண்ணாடியில், கோப்பைக்கு நேர் மேலே, ஒரு வட்டம் மெல்ல உருகித் தெளிந்தது. அவள் அதைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கதவோரம் திரும்பினாள். அவன் தன் சப்பாத்து முனையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“கிளெமென்ட், காலைல என் கோப்பைய எங்க வெச்சேன்?”

“எனக்கு ஞாபகமில்லைம்மா.”

பிரெண்டா ஹேகார்த் எழுந்தாள். ஐந்தாண்டு ஆண்ட ஆசனத்தை விட்டு, சங்கமே காண, நெவிலின் விதிப்புத்தகம் வாயடைக்க, எழுந்து நின்றாள்.

“இங்க வந்து உக்காருங்க.”

“ஐயோ, வேணாம்மா. நீங்க உக்காருங்க.”

“எனக்கு இங்க ஒரே அனலா இருக்கு. உக்காருங்கன்னா.”

“எனக்கு இங்க காத்தோட்டமா நல்லாருக்கு. நீங்கதான் ஜெயிச்சீங்க.”

“நானா ஜெயிச்சேன்? உக்காருய்யா!”

“மாட்டேங்க. மொதல்ல நீங்க.”

இவ்வாறாக, இந்நாட்டின் மாதங்கள் பன்னிரண்டும் ஒன்றுதிரண்டு பொழிந்தாலும் தணியாத பெருந்தன்மை என்னும் கொடும்போர் அங்கே மூண்டது. வலிக்கும் முழங்காலோடு அவன் ஒருபுறமும், சிவந்த மூக்கோடு அவள் மறுபுறமும், நடுவே இளஞ்சூடாய் வெறுமையாய் வீற்றிருந்த அந்த நாற்காலியை ஒருவர்பால் ஒருவர் தள்ளித் தள்ளி, விட்டுக்கொடுப்பதில் விட்டுக்கொடுக்காத வீரர் இருவரும் நின்றகோலம் கலையாமல் நெடும்பொழுது நின்றார்கள்.

டீ ஆறிப்போய்விட்டது.