பேச்சிமுத்து படுகை

பெற்ற அப்பாவை அவருடைய சாவுக்கே ஆவலோடு காத்திருக்க வைத்த மகள், இடுக்கி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கொடுமை எதுவும் செய்யவில்லை. அண்டார்டிகாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பேரை வைத்தேன், அவ்வளவுதான்.

கடலுக்கு அடியில் பெரிய பள்ளங்கள் உண்டு. கோடிக்கணக்கான வருஷமாக மண்ணும் சகதியும் வந்து படிந்து அவை மூடிப் போயிருக்கும். அதற்குப் படிவுப் படுகை என்று பேர். கப்பலிலிருந்து ஒலி அனுப்பி எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் வெறித்துக்கொண்டே இருப்பது என் உத்தியோகம். (அண்டார்டிகாவுக்கு நான் போனதே இல்லை. ஊரில் இதை ஒருவரும் நம்புவதில்லை.) அப்படி வெறித்ததில், யாரும் குறித்திராத ஒரு சின்னப் படுகை கண்ணில் பட்டது.

நான் பிறந்தது சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். கம்பெனி வரைபடத்தில் எங்கள் தேயிலைக் காடுகளுக்கு வெறும் நம்பர்தான். பேர் வைத்தது வேலைக்காரர்கள். செல்லையாவை யானை மிதித்த சரிவு மறுநாளே செல்லையா சரிவு ஆனது. யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஒரு வாரம் நாலு பேர் வாயில் புழங்கினால் பேர் நின்றுவிடும். தென் துருவத்துக்கும் அதுதான் சட்டம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. எங்கள் ஆராய்ச்சி நிலைய டைரக்டர், "இப்போதைக்கு ஏதாவது பேர் போட்டு வைம்மா" என்றார். பேச்சிமுத்து என்று போட்டேன். அதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கும் அனுப்பிவைத்தேன்.

அப்பா முப்பத்தாறு வருஷம் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியவர். அப்போது அவருக்கு அடுத்த மாதம் ஓய்வு. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ரேஷன் கார்டைத் தவிர அவர் பேரில் உலகத்தில் எதுவும் கிடையாது.

"ஏட்டி, நெசமாவா? எம்புட்டுப் பெருசு?" என்றார் போனில்.

"நம்ம எஸ்டேட்டு மாதிரி நாலஞ்சு போடலாம்ப்பா."

பக்கத்திலிருந்தவர்களிடம் அதை உரக்கச் சொன்னார். பிறகு, "பட்டா யாரு பேருல?"

அங்கே யாருக்குமே பட்டா கிடையாது என்று சொல்லியிருக்கலாம். "உங்க பேருலதான்" என்றேன். வாய்க்கொழுப்பு!

அடுத்த ஞாயிறே லயத்து வாசகசாலையில் 'அனுமோதன யோகம்'. (பாராட்டுக் கூட்டத்துக்கு எங்கள் மலையாளப் பஞ்சாயத்துப் பாஷை.) பிளெக்ஸில் அப்பா, பின்னால் பனிமலை, பக்கத்தில் அவரைவிட உயரமான ஒரு பென்குவின். படுகையில் எஸ்டேட் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று பஞ்சாயத்து மெம்பர் தீர்மானம் வேறு வாசித்தார். இதெல்லாம் போதாதென்று, குடும்பத்தோடு மூணாறு சுற்ற வந்திருந்த டைரக்டரை நானே வலியப் போய் அழைத்திருந்தேன்.

பிளெக்ஸைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "என்னம்மா இது? அது தற்காலிகப் பேரும்மா!"

"சார், ரெண்டு வார்த்தை பாராட்டிட்டு எறங்கிடுங்க சார்."

மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். மைக்கைப் பிடித்து, "உயிரோட இருக்கிறவங்க பேரை வைக்கிற வழக்கம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அப்பா எழுந்தார். "அப்ப செத்துட்டா வைப்பாகளா சார்?"

டைரக்டருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. "அது... பரிசீலனை பண்ணலாம்."

அப்பா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீகளா? நம்ம செல்லையாவுக்கும் செத்த பெறகுதானய்யா வச்சோம். மொறை சரியாத்தான் இருக்கு!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

திரும்பும்போது ஜீப்பில் டைரக்டர் மீதியைச் சொன்னார். "இறந்தாலும் நடக்காதும்மா. பக்கத்துல இருக்கிற தீவோ முனையோ, அதோட பேரைத்தான் படுகைக்கு வைப்பாங்க."

"அதை ஏன் சார் அங்கேயே சொல்லலை?"

"அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எப்படிம்மா சொல்றது?"

நானும் சொல்லவில்லை. மறுமாதம் அப்பா சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, பிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு போடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து லேசாகக் காய்ச்சல் அடித்தாலும், "குழி ரெடி, ஆளுதான் லேட்டு" என்பார். வீடே சிரிக்கும். என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். நானும் சிரித்தாக வேண்டும்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டுக் குழு அந்தப் படுகைக்குப் பக்கத்து முனையின் பேரை முறைப்படி வைத்துவிட்டது. என் சொந்தக் கட்டுரையில் அந்தப் பேரைப் பதினோரு இடத்தில் என் கையாலேயே எழுதினேன்.

போன மாதம் மதுரையில் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, அந்த எடத்துக்கு வேற எவனும் பேர் வச்சிரலையே?"

"இல்லப்பா. உங்களுக்குத்தான் கெடக்கு."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பிழைத்து வந்துவிட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "பேரு வைக்கிற நேரத்துல டாக்டரு கெடுத்துப்புட்டாருய்யா" என்கிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை.